இரட்டை எழுத்து, குறைந்த விளிம்பு, சாய்ந்த நடுவட்டம்: இதில் எது உண்மையான எரர் காயின்?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று காசுகளைப் பற்றி. ஆண்டின் எண்கள் இரட்டையாகத் தெரியும் 1999 ஒரு ரூபாய். விளிம்பில் வளைவாக ஒரு துண்டு இல்லாத, பழைய கனமான ஐந்து ரூபாய். நடுவட்டம் மட்டும் சாய்ந்து நிற்கும் 2014 பத்து ரூபாய். மூன்றுமே எரர் காயின்தானா (நாணயச்சாலையிலேயே பிழையோடு உருவான காசுதானா), யூடியூபில் சொல்வதுபோல் லட்சக்கணக்கில் போகுமா என்பது கேள்வி.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாயில் இருப்பது அச்சடிக்கும்போது நடந்ததுதான், ஆனால் அதற்குத் தனி விலை கிடையாது. ஐந்து ரூபாய் நீங்கள் எழுதிய எடையும் அனுப்பிய படமும் சரியாக இருந்தால் அசல் பிழை. பத்து ரூபாயில் யாரோ நடுவைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். லட்சம் எதிலும் இல்லை.

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்ல, காசு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெற்று வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். அவற்றைச் சூடாக்கி மென்மையாக்கி, கழுவி, ஓரத்தை நெருக்கி லேசாக உயர்த்துகிறார்கள். அப்புறம் வில்லை அச்சு இயந்திரத்துக்குப் போகிறது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் காலர் எனப்படும் எஃகு வளையம். ஒரே அழுத்து. இரண்டு முகமும் விளிம்பும் அந்த ஒரு நொடியில் உருவாகிவிடுகின்றன. அந்த அச்சுகளைத் தயாரிப்பது தனி வேலை. உருவம் புடைத்து நிற்கும் மூல அச்சை எஃகில் அழுத்தி, உருவம் குழிந்த அச்சை எடுக்கிறார்கள். மூல அச்சை ஹப் என்றும், காசை அடிக்கும் அச்சை டை என்றும் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள்.

ஆகவே உண்மையான பிழை மூன்றே இடங்களில்தான் நடக்க முடியும்: வில்லையில், அச்சில், அடிக்கும் நொடியில். காசு அச்சை விட்டு வெளியே விழுந்தபிறகு அதற்கு என்ன நடந்தாலும் அது சேதம். விசித்திரமான காசு எது கையில் கிடைத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த மூன்றில் எந்த இடத்தில் இது நடந்திருக்க முடியும்? அச்சு இயந்திரத்தால் இதைச் செய்ய முடியுமா? பதில் கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு வினோதமாக இருந்தாலும் அது பிழை இல்லை.

சரி, முதல் காசுக்கு வருவோம். அதிகம் குழப்புவதும் இணையத்தில் அதிகம் ஏமாற்றுவதும் இந்த இரட்டை எழுத்து விவகாரம்தான்.

இரட்டையாகத் தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. சேகரிப்பாளர்கள் தேடி அலைவது டபுள் டை. முன்பெல்லாம் மூல அச்சை ஒருமுறை அழுத்தினால் உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. அழுத்தி, எஃகைச் சூடாக்கி இளக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் முறை கொஞ்சம் விலகி உட்கார்ந்துவிட்டால் அச்சிலேயே இரண்டு உருவங்கள் பதிந்துவிடும். அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில், அதே அளவில் வரும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட். பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்தது. லிங்கன் முகம் உள்ள பக்கத்தில் ஆண்டும் வாசகங்களும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். கண்டுபிடிப்பதற்குள் அவை நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. 20,000 முதல் 24,000 வரை வெளியே போயிருக்கலாம் என்பது மதிப்பீடு. அந்தக் காலத்தில் தானியங்கி இயந்திரத்தில் சிகரெட் வாங்குபவர்களுக்கு மீதிச் சில்லறையை பாக்கெட்டின் கண்ணாடித் தாளுக்குள்ளேயே செருகிக் கொடுப்பார்கள். இந்த சென்ட்டுகள் பல அப்படித்தான் மக்கள் கைக்கு வந்தன. இன்று அது ஆயிரம் டாலருக்கு மேல் போகும் காசு. அதே காரணத்தால் போலியும் நிறைய.

உங்கள் ஒரு ரூபாயில் இருப்பது வேறு. அதற்குப் பெயர் மெஷின் டபுளிங். அச்சில் ஒரே உருவம்தான். ஆனால் அச்சு இயந்திரத்தில் இறுக்கமாகப் பொருந்தாமல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. காசை அடித்து முடித்து விலகும் கணத்தில் அச்சு பக்கவாட்டில் துளி நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துத் தள்ளிவிடுகிறது. ரப்பர் ஸ்டாம்பை அழுத்திவிட்டு எடுக்கும்போது கை அசைந்தால் ஓரம் இழுபடுமே, அந்த மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இங்கே மை கூடுவதில்லை, இருக்கும் உலோகம்தான் நசுங்குகிறது.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டையும் பிரிப்பது சுலபம். டபுள் டையில் இரண்டு முழு உருவங்கள் இருப்பதால் எழுத்து மொத்தத்தில் தடித்துத் தெரியும். மெஷின் டபுளிங்கில் எழுத்தின் ஓரம் நசுங்கிப் போனதால், நசுங்காமல் மிஞ்சிய எழுத்து வழக்கத்தைவிட ஒல்லியாக இருக்கும். பக்கத்தில் ஒரு படி மாதிரி தட்டையாக, தாழ்வாக, பளபளவென்று ஓர் ஓரம் தெரியும். டபுள் டையின் இரண்டாம் உருவம் தட்டையாக இருக்காது. அதற்கும் எழுத்துக்குரிய உருண்டை முதுகு உண்டு. எழுத்துகளின் முனைகளில், இரண்டு உருவங்கள் பிரியும் இடத்தில், சிறிய பிளவு தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, விளக்கை நேர் மேலே வைக்காமல் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஏமாற்றும். நீங்கள் அனுப்பிய படத்தில் 1999-இன் மூன்று ஒன்பதுகளும் ஒரே திசையில் தட்டையான படியோடு இருக்கின்றன. ஒன்பதின் கழுத்தும் மெலிந்திருக்கிறது. இது மெஷின் டபுளிங் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதில் வாதாட இடமே இல்லை. அதே ஆண்டு, எந்த நாணயச்சாலை அடித்தது என்று காட்டும் அதே குறி உள்ள இன்னொரு காசில் அச்சு அசலாக அதே இரட்டிப்பு இருக்கிறதா? டபுள் டை என்றால் இருக்கும், அச்சு ஒன்றுதானே. மெஷின் டபுளிங் காசுக்குக் காசு மாறும், ஒன்றில் அதிகம், அடுத்ததில் கொஞ்சம், அதற்கடுத்ததில் இல்லவே இல்லை. ஒரே ஒரு காசை வைத்துக்கொண்டு "டபுள் டை, உலகில் இது ஒன்றுதான்" என்று யாராவது விற்றால், அந்த வாக்கியமே அவருக்கு எதிரான சாட்சி.

மூன்றாவது வகை இரட்டிப்பு அச்சு தேய்வதால் வருவது. லட்சக்கணக்கில் அடித்து ஓய்ந்த அச்சில் எழுத்துகளின் ஓரம் கரைந்து, காசில் எழுத்துகள் வீங்கி, மங்கலான நிழலோடு வரும். சுற்றியுள்ள சமதளமும் வழவழப்பை இழந்து சொரசொரப்பாக இருக்கும். இதற்கும் அதே 1955-இலேயே உதாரணம் இருக்கிறது. அந்த ஆண்டு சென்ட்டுகள் சிலவற்றில் தேய்ந்த அச்சினால் கடைசி ஐந்து மட்டும் இரட்டையாகத் தெரியும். அசல் டபுள் டை வாங்க வசதியில்லாதவர்களுக்கு என்று அதை 'ஏழையின் டபுள் டை' என்ற பெயரில் விற்றார்கள். பெயர் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது கிழட்டு அச்சு.

நம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காசுகளில் இரட்டை என்று எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை மெஷின் டபுளிங்கோ தேய்ந்த அச்சோதான். ஸ்டீல் கடினமான உலோகம், அச்சைச் சீக்கிரம் தின்றுவிடும். எனவே "டபுள் டை" என்று சொல்வதற்கு முன்னால் மற்ற இரண்டையும் தள்ளிவிட முடிகிறதா என்று பாருங்கள்.

இரட்டிப்பில் கடைசியாக ஒன்று. அடித்த காசு வெளியே போகாமல் அச்சிலேயே தங்கி மறுபடி அடிபட்டால் அது இரட்டை அடி. இது அசல் பிழை, பார்த்ததுமே தெரியும். இரண்டாவது அடி முதல் உருவத்தை நசுக்கி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். காசு நகர்ந்து அடிபட்டிருந்தால் வடிவமே வட்டமாக இருக்காது. இதை யாரும் லென்ஸ் வைத்துத் தேட வேண்டியதில்லை.

இப்போது உங்கள் ஐந்து ரூபாய். இதுதான் எனக்கு ஆர்வமாக இருந்தது.

விளிம்பில் துண்டு இல்லாததை கிளிப் என்பார்கள். தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், அடுத்த வெட்டு ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறிவிடும். அந்த வில்லை ஓரம் குறைந்தே பிறக்கிறது. குறைந்த இடத்தின் வளைவு பக்கத்து ஓட்டையின் வளைவு, அதாவது காசின் வளைவை ஒட்டியே இருக்கும். தகட்டின் நுனியில் வெட்டுப்பட்டால் வளைவாக இல்லாமல் நேர்க்கோடாகவும் குறையலாம்.

அரத்தால் ராவியோ வெட்டுக்கருவியால் நறுக்கியோ இதே தோற்றத்தை உண்டாக்க முடியாதா? முடியும், செய்கிறார்கள். பிரிப்பதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலில் குறைந்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு. வில்லையின் ஓரத்தை நெருக்கி உயர்த்தும் கட்டம் ஒன்று உண்டென்று சொன்னேன் அல்லவா? அது இரண்டு பக்கமும் பிடித்து உருட்டும் வேலை. ஒரு பக்கம் துண்டு இல்லை என்றால் அங்கே பிடிமானம் இல்லை. பிடிமானம் இல்லாததால் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் அழுத்தம் பெறாது. அங்கே விளிம்பு மழுங்கி, தேய்ந்தது போல் இருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று இதற்குப் பெயர். வீட்டில் அரம் பிடிப்பவர் எதிர்ப்பக்கத்து விளிம்பைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் எல்லா அசல் கிளிப்பிலும் இது தெளிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் பலமான சாட்சி, இல்லாததால் மட்டும் காசைத் தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது, குறைந்த இடத்தை ஒட்டிய எழுத்துகள். அடிக்கும்போது உலோகம் வெற்றிடத்தை நோக்கிப் பரவும். அதனால் கிளிப்பை ஒட்டிய எழுத்துகள் அந்தப் பக்கமாக இழுபட்டு, மெல்ல மங்கி முடியும். அடித்தபிறகு வெட்டியிருந்தால் எழுத்து முழு உயரத்தோடு வந்து கத்தி வைத்தாற்போல் நிற்கும். மூன்றாவது, வெட்டுமுகம். அசலில் அது மற்ற விளிம்பைப் போலவே பழகிய நிறத்தில் இருக்கும், ராவிய கோடுகள் இருக்காது. காலர் அதைத் தொட்டிருக்கவும் முடியாது, எனவே விளிம்பின் வேலைப்பாடு அந்த இடத்தில் வராது.

உங்கள் படத்தில் எதிர்ப்பக்க விளிம்பு மழுங்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. எழுத்துகளும் இழுபட்டிருக்கின்றன. எடை 8.5 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழைய செம்பு-நிக்கல் ஐந்து ரூபாயின் முழு எடை 9 கிராம், விட்டம் 23 மில்லிமீட்டர். குறைந்த துண்டின் அளவுக்கு அரை கிராம் பொருந்துகிறது. நேரில் பார்க்காமல் உறுதி சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இதை நான் அசல் பக்கமே வைப்பேன்.

எடை என்றதும் ஒரு இடைச்செருகல். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்றும் ஒரு காந்தமும் வாங்கி வையுங்கள். பாதி வதந்தி அங்கேயே அடங்கிவிடும். "ஒரு ரூபாய் அச்சு ஐம்பது பைசா வில்லையில் விழுந்துவிட்டது" என்று விற்கப்படும் சிறிய ஒரு ரூபாய் காசுகளைப் பார்த்திருப்பீர்கள். 1992 வரிசை ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் காசுகளின் அளவைக் குறைத்தபோது இரண்டு ரூபாய்க்கு அந்த 4.85 கிராமும், ஒரு ரூபாய்க்குப் பழைய ஸ்டீல் ஐம்பது பைசாவின் 3.79 கிராமும் வந்துவிட்டன. அதாவது 2011-க்குப் பிந்தைய ஒரு ரூபாய் சிறியதாக, ஐம்பது பைசா எடையில் இருப்பது அதன் சட்டப்படியான அளவு. பிழை என்றால் அந்த வரிசைக்குரிய அளவிலிருந்து விலக வேண்டும். காந்தத்திலும் இதே கவனம் தேவை. ஸ்டீல் காசு ஒட்டும், செம்பு-நிக்கல் காசு ஒட்டாது. ஆனால் 1970 வரை அடித்த பழைய நிக்கல் ரூபாயும் காந்தத்தில் ஒட்டும், ஏனென்றால் அது சுத்த நிக்கல்.

அமெரிக்காவின் 1943 சென்ட்டுக்கு இந்தக் காந்தம்தான் முதல் நீதிபதி. போர்க் காலத்தில் தாமிரத்தைச் சேமிக்க அந்த ஆண்டு சென்ட்டை துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் தாமிர வில்லைகள் சில இயந்திரத்தில் தங்கிவிட, விரல்விட்டு எண்ணக்கூடிய சில காசுகள் தாமிரத்தில் விழுந்தன. அவற்றின் விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் எஃகு சென்ட்டுக்குத் தாமிர முலாம் பூசியவர்கள் ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் எடை பார்க்க வேண்டும்: தாமிரம் 3.11 கிராம், எஃகு 2.7 கிராம். அதுவும் சரியாக இருந்தால் மூன்று என்ற எண்ணை லென்ஸில் பார்க்க வேண்டும், ஏனென்றால் 1948-இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கிய காசுகளும் உலவுகின்றன.

பத்து ரூபாய்க்கு வருகிறேன். இதில் சொல்ல அதிகம் இல்லை. வெளி வளையமும் நடுவட்டமும் தனித்தனி வில்லைகள். இரண்டையும் பொருத்தி வைத்து ஒரே அடியில் அடிக்கிறார்கள். அந்த அடியில்தான் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அப்படியானால் நடுவிலுள்ள சிங்க முகப்பும் வளையத்திலுள்ள எழுத்தும் ஒரே அச்சிலிருந்து ஒரே நொடியில் வந்தவை. நடுவட்டம் எவ்வளவு கோணலாக உட்கார்ந்திருந்தாலும், அதன்மேல் விழும் உருவம் வளையத்தோடு நேராகவே இருக்கும். சிங்கம் மட்டும் தனியாகச் சாய்ந்து நிற்பதை அச்சு இயந்திரத்தால் செய்யவே முடியாது. யாரோ சுத்தியலால் தட்டி வெளியே எடுத்து மறுபடி செருகியிருக்கிறார்கள். இரண்டும் சேரும் கோட்டில் நசுங்கலும் கீறலும் உங்கள் படத்திலேயே தெரிகின்றன. அசலில் நடு நகர்ந்திருந்தால் இரண்டு உலோகங்களின் எல்லைதான் இடம் மாறும், உருவம் மாறாது.

பத்து ரூபாய் என்றதும் இன்னொன்று. காசில் மதிப்பு எழுதிய பக்கத்திலுள்ள கதிர்க் கோடுகள் பத்து இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி என்று ஒரு பேச்சு ஓடி, தமிழ்நாட்டில் பல கடைகளில் பத்து ரூபாய் காசையே வாங்க மறுத்தார்கள். ரூபாய் குறியீடு வந்தபிறகு வடிவம் மாறியது, அவ்வளவுதான். அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் வந்திருப்பதாகவும் எல்லாமே செல்லும் என்றும் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே விட்டது. வடிவ மாற்றம் பிழை ஆகாது. அதேபோல் ஆண்டுக்குக் கீழே இருக்கும் புள்ளி, நட்சத்திரம், வைரம் எல்லாம் நொய்டா, ஹைதராபாத், மும்பை நாணயச்சாலைகளின் அடையாளங்கள். கொல்கத்தா காசில் குறியே இருக்காது. "குறி இல்லாத அபூர்வ காசு" என்று விற்பவரிடம் கொல்கத்தா பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

வடிவத்திலேயே தவறு நேர்ந்து அது புகழ்பெற்ற கதையும் நம் பக்கம் உண்டு. 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் மார்பிலுள்ள யானை, தும்பிக்கை சரியாக வராமல் பன்றி போல் இருந்தது. மக்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே யானையைத் திருத்தி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுவது அதைத்தான். ஆனால் அதை யாரும் எரர் காயின் வரிசையில் வைப்பதில்லை. அச்சு இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும், அடுத்து தேட ஆரம்பித்தால் கையில் சிக்கக்கூடிய சிலவற்றையும் சொல்லிவைக்கிறேன்.

காசில் ஒரு கோடு இருந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால் நல்ல செய்தி: அச்சில் விரிசல் விட்டு, அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து காசில் மேட்டுக் கோடாக வந்திருக்கிறது. பள்ளமாக இருந்தால் வெறும் கீறல். அச்சின் ஓரம் உடைந்தே விழுந்துவிட்டால் காசின் விளிம்பை ஒட்டி உருவமே இல்லாத ஒரு மேடு நிற்கும், அதைக் கட் (cud) என்பார்கள். அதற்கு நேர் பின்பக்கம் எழுத்து மங்கியிருந்தால்தான் அசல். உலோகம் மேட்டை நிரப்பப் போனதால் பின்பக்கத்துக்கு அழுத்தம் போதவில்லை என்பது காரணம். ஓரத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டியவருக்குப் பின்பக்கம் மங்க வைக்கத் தெரியாது.

ஒரு எழுத்தோ எண்ணோ காணவில்லை என்றால், பெரும்பாலும் அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் அடைத்திருக்கும். எழுத்து மெல்ல மறைந்திருந்தால் அது. அந்த இடம் மட்டும் பள்ளமாகவோ கூடுதல் பளபளப்பாகவோ இருந்தால் யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

ஒரு பக்கம் சரியாக, மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, குழிந்து இருக்கும் காசை புரோக்கேஜ் என்பார்கள். முன்னால் அடித்த காசு ஓர் அச்சில் ஒட்டிக்கொண்டு, அதுவே அடுத்த வில்லைக்கு அச்சாகிவிடுகிறது. பார்க்க அழகான பிழை இது. இதற்குப் போலி செய்வதும் சுலபம். இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து பட்டறை வைஸில் நெருக்கினால் ஒன்றின் எழுத்து மற்றதில் குழிந்து பதியும். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த எழுத்துகள் எங்கே போகும்? நசுங்கித் தட்டையாகி அடியிலேயே கிடக்கும். அசல் புரோக்கேஜில் அந்தப் பக்கத்துக்கென்று வேறு உருவம் ஒருபோதும் இருந்ததில்லை, எனவே அடியில் எதுவும் தெரியாது.

காசை இடமிருந்து வலமாகப் புத்தகப் பக்கம் போல் திருப்புங்கள். நம் காசில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். கணிசமாகச் சாய்ந்திருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது, அது அசல் பிழை. போலி செய்யக் கடினமான பிழையும்கூட. சில பாகைகள் மட்டும் சாய்ந்திருந்தால் யாரும் மதிப்பதில்லை. அமெரிக்கக் காசு கையில் இருந்தால் குழம்ப வேண்டாம், அவர்களுக்குத் தலைகீழாக நிற்பதே சரி.

இரண்டு பக்கமும் ஒரே உருவம் உள்ள காசு என்றால் முதலில் மேசையில் போட்டு ஓசையைக் கேளுங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் அது மாயாஜாலக்காரர்கள் பயன்படுத்துவது. ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றை இழைத்து உள்ளே பொருத்தியிருப்பார்கள். விளிம்பின் உள்ஓரத்தில் சேர்த்த கோடு லென்ஸில் தெரியும்.

மற்றபடி தட்டையாகி அகலமானது ரயில் தண்டவாளத்தில் வைத்தது. எல்லாப் பக்கமும் சமமாக மெலிந்து, எழுத்து கரைந்தது போல் இருப்பது அமிலத்தில் போட்டது. விளிம்பு உருண்டு திரண்டு, ஓரத்து எழுத்துகளை நோக்கி உள்ளே நெருங்கியிருப்பது ஏதோ இயந்திரத்துக்குள் மாட்டி நாள்கணக்கில் உருண்டது. வெளிநாடுகளில் சலவைக் கடை டிரையர்களுக்குள் கிடந்த காசுகள் இப்படித்தான் வரும். வானவில் நிறம் பெரும்பாலும் நெருப்பில் போட்டது. தங்க நிறத்தில் ஒரு ரூபாய் கிடைத்தால் அது முலாம்.

விலையைப் பற்றி. பிழை அசல் என்பதும் அது விலை போகும் என்பதும் வேறு வேறு. வாங்குபவர் பார்ப்பது கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது, அந்தக் காசை எத்தனை பேர் சேகரிக்கிறார்கள், ஆண்டு தெரிகிறதா என்பவற்றை. அடி பாதி விலகி வில்லையின் பாதி வெறுமையாக நிற்கும் காசுக்கு, ஆண்டும் தெரிந்தால், நல்ல வரவேற்பு உண்டு. லென்ஸ் வைத்துச் சுட்டிக்காட்ட வேண்டிய பிழைக்கு நம் ஊரில் வாங்க ஆள் குறைவு. சாதாரண இந்தியக் காசில் சிறிய கிளிப், சின்ன விரிசல் எல்லாம் சில நூறு ரூபாய் பேரம்தான். பிரிட்டனில் 2008-இல் புதிய வடிவத்துக்கு மாறும்போது பழைய பக்கத்தின் அச்சையும் புதிய பக்கத்தின் அச்சையும் கலந்து அடித்து, எந்தப் பக்கமும் ஆண்டே இல்லாத 20 பென்ஸ் காசு புழக்கத்துக்கு வந்தது. உலகச் செய்தியானது. அதுவும் இன்று ஆயிரக்கணக்கில் போவதில்லை, சில பத்து பவுண்டுகளுக்குக் கிடைக்கிறது. நிறைய அடித்துவிட்டார்கள் என்பதுதான் காரணம்.

வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012 ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு லட்சம் என்று வரும் வீடியோக்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது புழக்கத்துக்கு வந்த நினைவு நாணயம். உங்களிடம் லட்சம் தருகிறேன் என்பவர் முதலில் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று உங்களிடமிருந்து பணம் கேட்பார். ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தி இப்படி நடப்பதாக 2021 ஆகஸ்டில் அந்த வங்கி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு வாங்குவதிலோ விற்பதிலோ தனக்கு எந்தப் பங்கும் இல்லை, யாருக்கும் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் தரவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஐந்து ரூபாயைத் தயவுசெய்து கழுவ வேண்டாம். புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள், அதோடு வெட்டுமுகத்தின் பழைய நிறமும் போய்விட்டால் அசல் என்று காட்ட உங்களிடம் இருக்கும் சாட்சி ஒன்று குறையும். பிவிசி இல்லாத சின்ன உறையில் போட்டு, எடையையும் விட்டத்தையும் எழுதி வையுங்கள். பக்கத்து ஊரில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது எடுத்துப் போய், விற்கப் போவதாகச் சொல்லாமல், குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் காட்டுங்கள். இருவரும் முதலில் எதிர்ப்பக்க விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர்கள். பார்க்காமலே விலை சொல்பவரிடம் காசைக் கொடுக்க வேண்டாம்.

ஒரு ரூபாயைச் செலவழித்துவிடலாம். பத்து ரூபாயை மட்டும் கடையில் நீட்டாதீர்கள். சிதைத்த காசு செல்லாது, கடைக்காரரோடு வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

படம் இன்னொரு முறை அனுப்புவதாக இருந்தால், விளக்கை இடப்பக்கம் தாழ்வாக வைத்து, இரண்டு முகங்களோடு விளிம்பையும் சேர்த்து எடுங்கள். கிளிப் இருக்கும் இடத்தின் வெட்டுமுகம்தான் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாத ஒரே பகுதி.